மனக்காயமும் படைப்பதவியும்

போரிலே கையிழந்தவனுக்கு மானியம் உண்டு. மனம் முறிந்தவனுக்கு என்ன உண்டு? அவன் யார், எப்பதவியினன் என்பதைப் பொறுத்தது என்பதே சரித்திரம் கூறும் விடையாகும்.

முதல் உலக யுத்தத்தில் பீரங்கி முழக்கத்தினிடையே நடுக்குற்று, நாவடங்கி, உறக்கமிழந்தோர் பலர். 1915-ஆம் ஆண்டில் டாக்டர் சார்லஸ் மயர்ஸ் அந்நோயை 'ஷெல் ஷாக்' என்ற பெயரால் வைத்திய ஏட்டில் விவரித்தார். நோய் ஒன்றே, ஆயினும் அதிகாரிக்கு வந்தால் பெரும்பாலும் 'நரம்புத் தளர்ச்சி' என்றனர், சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா' என்றனர். அதிகாரிகளுக்கென 1916-இல் எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே டாக்டர் ரிவர்ஸ், கவிஞர் சசூனுடன் அமர்ந்து, உரையாடியே சிகிச்சை செய்தார். லண்டனிலோ டாக்டர் யெல்லண்ட், பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார்.

அச்சிப்பாய்க்கேனும் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. நம்மவர் நிலை என்ன?

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்தனர். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1944-இல் இம்பாலில் தோல்வி. பின்வாங்கும் வழியெல்லாம் பசி, மலேரியா, விமானக் குண்டு. 1945-இல் படை கலைந்தது. உயிர் பிழைத்த தோட்டத்து மக்கள் மீண்டும் பால்வாளி தூக்கினர்.

பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களைப் படைவீரராகக் கருதவில்லை. ஆகவே ராணுவ வைத்தியமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இந்திய சர்க்கார் விடுதலை வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தது 1972-இல். அதாவது படை கலைந்து 27 ஆண்டுகளுக்குப் பின். அதுவும் பணமேயன்றி மனத்துக்கு மருந்தன்று. இந்நோய்க்கு அமெரிக்க மனோவைத்தியர் தம் நோய்ப்பட்டியலில் இடமளித்ததோ 1980-இல்.

சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. தோட்டத்து டிரெஸ்ஸரிடம் காய்ச்சலுக்குக் கொயினா கிடைத்தது. இரவில் அலறி எழுபவனுக்கு என்ன கிடைத்தது? பேராக்கில் 1911-இல் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் வைத்தியசாலையின் பெயரை, இன்றும் நாம் ஏளனச் சொல்லாகவன்றோ வழங்குகிறோம்! வைத்தியரிடம் செல்ல நாணுவோர், பேயென்று பூசாரியிடம் செல்வதில் வியப்பென்ன?

எவருடைய சேவையைச் சர்க்கார் ஒப்பவில்லையோ, அவருடைய நோயையும் அது ஒப்புவதில்லை. பதவியையும் கொடியையும் பார்த்து மருந்திடும் வழக்கம் ஒழிய வேண்டும். காயத்தைப் பார்த்து மருந்திடுவதே நியாயம்.