கொலம்பியாவில் அண்ணல் பெற்ற வசதிகள்

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் பயின்றதை நம் இளைஞர் அனைவரும் அறிவர். எவ்வசதிகளைக் கொண்டு பயின்றார் என்பதை அறிந்தோர் சிலரே.

1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகை திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு. தங்க விடுதி அறை கிடைத்தது. தடையின்றிப் புகுந்து படிக்க நூலகம் இருந்தது. பொருளியலில் பேராசிரியர் செலிக்மன் வழிகாட்டினார்.

இவற்றினும் மேலாக யான் கருதுவது ஆய்வு வகுப்பையே. அங்கு மாணவர் கட்டுரை படிப்பார். ஆசிரியரும் உடன்பயில்வோரும் வினா எழுப்புவர். 1916 மே 9ஆம் நாள், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் அத்தகைய வகுப்பில்தான் இந்தியச் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை அண்ணல் படித்தார். சிறுவயதில் பள்ளியில் தனியே கோணித்துணியில் அமர்த்தப்பட்டவரின் ஆய்வுரையை ஓர் அறிஞர் அவை செவிமடுத்தது!

பின்னர் இலண்டன் சென்றார். 1917இல் உதவித்தொகை முடிவுற்றது. அறிவு குன்றவில்லை, பணமே குன்றியது. படிப்பை இடையில் விட்டுத் தாயகம் திரும்பினார். மீண்டும் செல்ல 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆய்வேட்டை அச்சிட்டு அளித்தல் அந்நாளில் கொலம்பியாவின் விதியாக இருந்தது. அது 1925இல் அச்சேறியது. முனைவர் பட்டம் 1927இல்தான் கைக்கு வந்தது.

வைசிராய் நிருவாகக் குழுவில் அவர் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. அத்தொகையால் கல்லூரிப் படியேறியோர் நம் ஊர்களிலும் உளர்.