மணல், கரிப்பலகை, பலப்பம்: தஞ்சைச் சிறுவர்களின் அழித்தெழுதும் கருவிகள்

தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, சிறுவர்கள் எழுதிப் பழகிய கருவிகள் பெரும்பாலும் வீட்டிலும் ஊரிலும் கிடைத்த பொருட்களால் செய்யப்பட்டவை. ஆற்று மணல், அடுப்புக்கரி, சோற்றுக் கஞ்சி, மாக்கல், வேலியில் படரும் கோவைக்கொடியின் இலை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. எழுதியதை உள்ளங்கையாலோ ஈரத்துணியாலோ உடனே அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம் என்பது இவற்றின் பொதுத்தன்மை. காகிதம் அரிதாகவும் பனையோலை கைப்பழக்கம் தேவைப்படுவதாகவும் இருந்த காலத்தில், பிழையாக எழுதினாலும் இழப்பில்லாத ஒரு பரப்பு கற்பவருக்கு வேண்டியிருந்தது. அந்தத் தேவையே இக்கருவிகளை உருவாக்கியது.

மணலில் எழுதுதல்

திண்ணைப் பள்ளியில் சேரும் குழந்தைக்கு முதல் எழுதுபரப்பு மணல். திண்ணையிலோ தரையிலோ மணலைப் பரப்பி, கையால் சமன் செய்து, ஆசிரியர் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்வார். எழுத்தின் பெயரைக் குரலெழுப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவது முறை. ஓசை, கையசைவு, வடிவம் மூன்றும் ஒன்றாக மனத்தில் பதியும். ஓர் எழுத்து கைவந்த பின்னரே அடுத்த எழுத்து.

இந்தியாவின் தென்பகுதியில் இம்முறை பரவலாக இருந்ததை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் எழுதிய கடிதத்தில் காணலாம். கன்னட நாட்டின் இக்கேரியில், கோயில் முகப்பில் அமர்ந்த சிறுவர்கள் வாய்ப்பாட்டைப் பாடியபடியே தரையில் தூவிய நுண்மணலில் விரலால் எழுதுவதையும், இடம் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புதிய மணலைத் தூவுவதையும் அவர் குறிப்பிடுகிறார். கணக்கைப் புழுதிப் பரப்பில் செய்யும் வழக்கம் இதைவிடப் பழையது. வடமொழிக் கணித நூல்கள் அதற்குத் ‘தூளி கர்மம்’ என்ற பெயரையே தருகின்றன.

தஞ்சைப் பகுதியில் மணல் எழுத்து கணக்கோடு நெருங்கிய தொடர்புடையது. நெல் அளவையே ஊரின் பொருளியல் மொழி. எட்டுப் படி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்ற வாய்பாட்டை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். முந்திரி, அரைக்காணி, காணி, மா போன்ற பின்னங்களின் குறிகளையும் எழுதிப் பழகினர். வயலின் அளவு, களத்து நெல், வாரப் பங்கு ஆகியவற்றைக் கணக்கிடத் தெரிந்தவனே கணக்குப்பிள்ளையாகவோ மணியக்காரரிடம் எழுத்தராகவோ வேலை பெற முடிந்தது. ஆசிரியருக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதியும் நெல்லாகவே அளக்கப்பட்டது.

தரங்கம்பாடியில் சீகன்பால்க்

மணல் எழுத்தால் தமிழ் கற்றவர்களில் மிகவும் அறியப்பட்டவர் ஜெர்மானிய மதபோதகர் பர்த்தலோமேயு சீகன்பால்க். தரங்கம்பாடி 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து டேனியர் பெற்ற துறைமுகம். 1706 ஜூலையில் சீகன்பால்க்கும் அவருடைய துணைவர் புளூட்சோவும் அங்கு வந்திறங்கினர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் செய்தனர். சீகன்பால்க் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகளுக்குள், 1715இல், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையாக அச்சேறியது. அச்சுப் பணிக்குக் காகிதம் போதாமல் அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. ஓர் அச்சகமே காகிதத்துக்குத் தவித்த காலத்தில், பள்ளிச் சிறுவனின் பயிற்சிக்கு அதைச் செலவிடுவது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

கரிப்பலகையும் பலப்பமும்

மணலுக்கு அடுத்த நிலை பலகை. இதைச் செய்யும் முறையைத் தெளிவாகப் பதிவுசெய்தவர் பல்லாரி மாவட்டக் கலெக்டர் ஏ. டி. கேம்பல். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கல்வி நிலையைக் குறித்து எல்லாக் கலெக்டர்களிடமும் அறிக்கை கேட்டார். 1823இல் கேம்பல் அனுப்பிய அறிக்கையில் மாணவர்களின் எழுதுகருவிகள் இரண்டு வகையாக விளக்கப்படுகின்றன.

முதல் வகை, ஏறத்தாழ ஓர் அடி அகலமும் மூன்றடி நீளமும் உள்ள மரப்பலகை. அதை இழைத்து வழவழப்பாக்கி, சோற்றையும் பொடித்த கரியையும் சேர்த்துப் பூசினால் எழுதத் தயாராகிவிடும். இரண்டாம் வகை துணியால் ஆனது. துணியைக் கஞ்சியில் விறைப்பாக்கி, ஏடு போல் மடித்து, கரியும் பிசின்களும் சேர்ந்த கலவையை மேலே பூசுவார்கள். இரண்டிலும் எழுதியதை ஈரத்துணியால் துடைத்து அழித்துவிடலாம். எழுதும் குச்சி வெண்மையான மண் போன்ற பொருள் என்றும், ஐரோப்பியரின் வண்ணக்கோல் எனப்படும் கிரையானைப் போன்றது, ஆனால் அதைவிடச் சற்றுக் கடினமானது என்றும் கேம்பல் ஒப்பிடுகிறார்.

கன்னடத்தில் ‘பளப’, தெலுங்கில் ‘பலபமு’ எனப்படும் இக்குச்சிக்குத் தமிழில் ‘பலப்பம்’ என்று பெயர். பிற்காலத்தில் சிலேட்டுக் குச்சிக்கும் இப்பெயரே நிலைத்தது. பேச்சு வழக்கில் அது ‘பல்பம்’ ஆயிற்று. மாக்கல் எனப்படும் மென்கல்லை அறுத்துச் செய்த குச்சியே பலப்பம். நகத்தால் கீறினாலே பொடி உதிரும் மென்மை இக்கல்லுக்கு உண்டு. கரி பூசிய பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் கல்லின் நுண்துகள் அதில் ஒட்டி வெண்கோடாகத் தெரிகிறது. துகள் பரப்புக்குள் ஊறுவதில்லை. எனவே நீர் பட்டதும் அகன்றுவிடுகிறது. கரிப்பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஓலைக்குப் பூசிய மை

பலகையில் தேர்ந்த மாணவனே பனையோலைக்குச் செல்வான். ஓலையில் எழுத்தாணியால் கீறப்படும் எழுத்து நிறமற்றது. அதன்மீது மை தடவித் துடைத்தால், மேற்பரப்பிலுள்ள மை நீங்கிக் கீறலுக்குள் உள்ள மை மட்டும் தங்கும். இவ்வெழுத்தை அழிக்க முடியாது.

பாபநாசம் அருகிலுள்ள உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளியை விரிவாக விவரிக்கிறார். ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள், மாவிலைக் கரி, தர்ப்பைக் கரி முதலியவற்றைக் கூட்டி இம்மை செய்யப்பட்டதை அவர் வழியாக அறிகிறோம். புதிய சுவடிக்கு மையிட்டுக் கல்வி தொடங்குவது மையாடல் எனப்பட்டது. சுவடியைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பும் பயன்பட்டது. அதே வசம்பைச் சுட்டுக் கரியாக்கிக் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதால் அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயரும் உண்டு. எழுதுபொருளும் பிள்ளை மருந்தும் ஒரே வீட்டு மாடத்திலிருந்து எடுக்கப்பட்டன.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஸ்காட்லாந்து மதகுரு ஆண்ட்ரூ பெல். ஒருநாள் வெளியே சென்றபோது உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முயன்றபோது அங்கிருந்த ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயது மாணவன் ஒருவனையே இளைய வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பின் இம்முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. பெல்லுக்குப் போட்டியாளராகக் கருதப்பட்ட ஜோசப் லங்காஸ்டரும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் மணல் மேசையைப் பயன்படுத்தினார். மை, இறகுப் பேனா, காகிதம் ஆகியவற்றின் செலவை மணல் மிச்சப்படுத்தியதே அங்கும் அதற்குக் கிடைத்த வரவேற்புக்குக் காரணம்.

மணல் எழுத்தை உள்ளூர்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு தம் கண்டுபிடிப்பு என்றார். ஆனால் மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லி மேற்பார்க்கும் ‘சட்டாம்பிள்ளை’ வழக்கம் திண்ணைப் பள்ளிகளில் இயல்பானது. எழுதக் கற்பிக்கும் சிக்கனம், மாணவர் வழிக் கற்பித்தல் ஆகிய இரண்டையும் இங்கிலாந்து பின்பற்றியது தகுதியானதே என்று கேம்பலும் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். இவ்வறிக்கைகளைத் தொகுத்து 1983இல் நூலாக வெளியிட்ட தரம்பால் இக்கேள்வியை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்.

யாருக்குக் கிடைத்தது

மன்றோவின் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் பதிவாயின. மாணவர்களில் பிராமணரல்லாத சாதியினரே மிகுதி. ஆயினும் இப்பள்ளிகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வயல்களில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் தரப்படவில்லை. பெண்பிள்ளைகளும் மிகச் சிலரே. எழுதுகருவிக்குச் செலவில்லை என்பதால் கல்விக்குத் தடையில்லை என்று முடிவுசெய்ய முடியாது. களத்தில் நெல்லை அளந்து தூற்றியவனுக்கு அதன் கணக்கைப் படிக்கத் தெரியாது. கணக்கு எழுதியவன் வேறொருவன். பண்ணையாள் பெற்ற கூலியும் பட்ட கடனும் பிறர் கையெழுத்திலேயே இருந்தன. மிஷன் பள்ளிகளும், இருபதாம் நூற்றாண்டில் மாகாண அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும், விடுதலைக்குப் பின் வந்த அரசுப் பள்ளிகளும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின.

மணலுக்கு வேறொரு குறையும் உண்டு. அதில் எழுதியது எதுவும் மிஞ்சாது. ஆகவே கற்றது முழுவதையும் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. தவறினால் கடுந்தண்டனை கிடைத்தது. மாணவனின் வளர்ச்சியைப் பெற்றோர் பார்த்தறிய ஒரு தாளும் இருக்கவில்லை.

சிலேட்டின் வருகை

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் அரசின் உதவித்தொகை பெறும் பள்ளிகள் பெருகின. அச்சுப் பாடநூலும், கரும்பலகையும், மரச்சட்டமிட்ட சிலேட்டும் மணலின் இடத்தைப் பிடித்தன. பிற்காலத்தில் ஆந்திரத்தின் மார்க்காபுரம் சிலேட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது.

கருவி கடைக்கு மாறினாலும் கைப்பக்குவம் வீட்டிலேயே இருந்தது. நாள்பட வெளுத்துப்போன சிலேட்டைக் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கி வெயிலில் காயவைப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பள்ளிச் சிறுவர்களின் விடுமுறை வேலை. பழைய கரிப்பலகையின் பூச்சே இவ்வாறு சிலேட்டின்மீது தொடர்ந்தது.

இன்று

அழித்தெழுதும் கருவி இன்று வேறு வடிவங்களில் உள்ளது. அமெரிக்காவில் 1903இல் கிரயோலா வண்ணக்கோல்கள் விற்பனைக்கு வந்தன. மெழுகில் நிறமி கலந்த இவை நீரில் கரைவதில்லை. அதனால் குளியலறையில் குழந்தைகள் சுவரில் வரைந்து விளையாடச் சோப்பால் ஆன வண்ணக்கோல்கள் தனியே செய்யப்படுகின்றன. சோப்பைத் துருவி, உருக்கி, உணவு நிறம் சேர்த்து அச்சில் ஊற்றி வீட்டிலும் இவற்றைச் செய்கின்றனர். பலப்பம் துகளாக ஒட்டி நின்றது. சோப்பு நீரில் கரைகிறது. இரண்டிலும் ஓர் ஈரத்துணி போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பு மாணவர்களுக்கு வண்ணக்கோல்கள் விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. திண்ணைப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அவை கிடைக்கின்றன.

பழைய முறையின் எச்சம் விஜயதசமியன்று எஞ்சியுள்ளது. திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டம் அருகே உள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அன்று பெற்றோர்கள் குழந்தைகளை அழைத்து வருகின்றனர். தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுதப்படுகிறது. எழுதி முடித்ததும் தானியத்தைக் கையால் பரப்பிவிட்டு மறுபடியும் எழுதுகிறார்கள்.