இதயத்தில் ஒரு குறுக்குவழி

1928 ஏப்ரல் 2. பாஸ்டனில் டாக்டர் பால் டட்லி ஒயிட்டைப் பார்க்க 35 வயது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். திடகாத்திரமான ஆள். ஆனால் அவ்வப்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஈசிஜியில் பழுதுபட்ட இதயத்துக்குரிய அகன்ற அலைகள். அவரைப் படிகளில் ஓடி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். கோடு சீராகிவிட்டது! பழுதான இதயம் என்றால் உழைத்த பிறகு இன்னும் அல்லவா தடுமாற வேண்டும்?

ஒயிட் அதை விடவில்லை. உதவியாளர் லூயிஸ் வுல்ஃபுடன் ஆராய்ந்தார். பதிவுகளை ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார். லண்டனில் ஜான் பார்க்கின்சன் தம் பழைய பதிவுகளைத் துழாவி மேலும் ஏழு பேரைக் கண்டெடுத்தார். 11 பேரைப் பற்றி மூவரும் 1930இல் எழுதிய கட்டுரையால்தான் இந்தக் கோளாறுக்கு வுல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் என்ற பெயர் வந்தது.

பெயர் கிடைத்தது, காரணம் பிடிபடவில்லை.

வழக்கமாக இதயத்தின் மேலறையின் மின்தூண்டல், இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணு வழியாகத்தான் கீழறைக்கு இறங்கும். அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். அதற்குள் கீழறை இரத்தத்தால் நிரம்பிவிடும். சிலருக்கோ பிறவியிலேயே இரண்டு அறைகளையும் இணைக்கும் மெல்லிய தசையிழை ஒன்று கூடுதலாக இருக்கும். அதில் இந்தக் காத்திருப்பு இல்லை; அதனால் கீழறையின் ஒரு பகுதி முந்தித் துடிக்க, ஈசிஜியில் அலை அகன்று தெரியும். கணு, இழை இவற்றுள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி மின்தூண்டல் வட்டமடிக்கத் தொடங்கினால் துடிப்பு நிமிடத்துக்கு 200ஐக்கூட எட்டும். இத்தகைய இழைகளை 1893இலேயே ஸ்டான்லி கென்ட் விவரித்திருந்தார். ஆனால் எல்லா இதயங்களிலும் அவை உண்டு என்று எண்ணிவிட்டார். 1943இல்தான், இக்கோளாறு இருந்து இறந்த ஒருவரின் இதயத்தில் அந்த இழை நுண்ணோக்கியில் தென்பட்டது.

உயிரோடிருப்பவரின் இதயத்தில் அதை எப்படித் தேடுவது?

1968 மே மாதம், வட கரோலினாக் கடலோர மீனவர் ஒருவர் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மேசையில் படுத்திருந்தார். மருந்துகள் அவருடைய படபடப்பை அடக்கவில்லை. மார்பைத் திறந்து, இதயத்தின் மேற்பரப்பில் மின்முனையை இடம் மாற்றி மாற்றி வைத்து, கீழறையில் முந்தித் துடிக்கும் புள்ளியைத் தேடினார்கள். வலப்பக்கம் அது சிக்கியது. அறுவை மருத்துவர் வில் சீலி அங்கே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் கீறினார். ஈசிஜியிலிருந்து அந்தக் குறுக்குவழியின் அடையாளம் மறைந்தது.

அதன்பின் கத்திக்கும் வேலை குறைந்தது. தொடை இடுக்கின் இரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தால் இழையைச் சுடும் முறை வந்தது. 1991இல் ஓக்லஹோமாவின் வாரன் ஜாக்மன் குழு 166 பேரில் 164 பேருக்கு வெற்றி என்று அறிவித்தது. இன்று அதே சிகிச்சையில், கதீட்டர் முனை சரியான புள்ளியில் சூடேறிய சில நொடிகளில், 1928இல் ஒயிட்டைத் திகைக்கவைத்த அகன்ற அலை திரையில் ஒடுங்குகிறது.