மண்டபத்துக்கு முன் வந்த வாசகர்கள்

நூற்றாண்டை எட்டும் எந்தப் பழைய மாணவிகள் சங்கத்திலும் "நினைவாக ஒரு மண்டபம் கட்டுவோம்" என்ற பேச்சு எழும். இப்போது மண்டபம் மட்டும் போதாது. ஒலிப்பதிவு அறை வேண்டும், பல்லூடக வசதி வேண்டும், லண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருப்பவர்கள் இணையவழியாகச் சேர்ந்துகொள்ள மாநாட்டு அறையும் வேண்டும். ஆசை நியாயமானதே. ஆனால் கட்டடக் கலைஞரைத் தேடுமுன், யாழ்ப்பாண நகரில் ஒன்றுக்கொன்று அருகே நிற்கும் இரண்டு கட்டடங்களின் கதையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, பொது நூலகம். அதன் தொடக்கம் கட்டடம் அல்ல. 1933இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஊரவர் கூடி ஒரு குழு அமைத்து, வைத்தியசாலை வீதியில் வாடகை அறை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே இருந்தவை 844 நூல்களும் 36 சஞ்சிகைகள், பத்திரிகைகளும்தான். 1935இல் அதன் பொறுப்பை நகர சபை ஏற்றது. வாசகர் பெருகினார்கள், இடம் போதவில்லை. கட்டட எண்ணம் அந்த நெருக்கத்தில் பிறந்தது.

1950களில் மேயர் சாம் சபாபதி காலத்தில் நிதி சேர்த்த விதத்தை எம்மவர் அறிந்திருக்க வேண்டும். களியாட்ட விழா, இசைக் கச்சேரி, அதிர்ஷ்டலாபச் சீட்டு என்று ஊரே அதில் பங்குகொண்டது. சீட்டு வாங்கியவரும் "எங்கட நூலகம்" என்று சொல்ல உரிமை பெற்றார். திட்டமிடலிலும் அக்கறை இருந்தது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். அந்த முகப்பின் அழகைப் புகழ்பவர்கள், நூல் அடுக்கத் தெரிந்தவரையும் அழைத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11இல் நூலகம் திறந்தது. சிறுவர் பகுதி 1967இல் வந்தது. கூட்டங்களுக்கும் கலைநிகழ்ச்சிகளுக்குமான கேட்போர் கூடம் வந்ததோ 1971இல்! வாடகை அறைக்கும் மண்டபத்துக்கும் இடையே 37 ஆண்டுகள்.

1981இல் நடந்ததை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. கட்டடம் திரும்ப எழுந்தது. எரிந்த ஓலைச்சுவடிகள் எழவில்லை. ஒலிப்பதிவு அறைக்குத் திட்டமிடும் சங்கம் ஒலிவாங்கியின் விலையை விசாரிப்பதோடு, பதிவுகளின் இரண்டாவது பிரதி எந்த ஊரில், யார் கையில் இருக்கும் என்றும் விசாரிக்கட்டும். உலகெங்கும் கிளைகள் இருப்பதன் பயன் பணம் அனுப்புவது மட்டுமா?

இரண்டாவது கட்டடம் இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த கலாசார மையம். 600 பேர் அமரும் அரங்கு, மாநாட்டு மண்டபம், பல்லூடக நூலகம், அருங்காட்சியகம், 11 மாடிக் கோபுரம் என்று எம் சங்கங்கள் கனவு காணும் வசதிகள் அனைத்தும் அங்கே உண்டு. 2015 மார்ச் 14இல் அடிக்கல்; 2022 மார்ச் 28இல் மெய்நிகர் திறப்பு; 2023 பெப்ரவரி 11இல் மக்களிடம் கையளிப்பு. கட்டடம் எழுந்த பின்னரும், அதை யார் நடத்துவது, மாதாந்தச் செலவுக்கு மாநகர சபை எங்கே போவது என்ற பேச்சு ஓயவில்லை. நன்கொடையாளரைக் குறைசொல்ல முடியாது. குளிரூட்டிக்கும் மின்தூக்கிக்கும் மின்கட்டணம் மாதந்தோறும் வரும், அன்பளிப்பு ஒருமுறைதான் வரும். நூலகத்தில் செலவைத் தாங்கும் சபையும் தேடிவரும் வாசகரும் முதலில் இருந்தார்கள், மண்டபம் பிறகு வந்தது. இங்கே மண்டபம் முந்திவிட்டது.

ஆனாலும் ஊர் அதை அந்நியமாக விட்டுவிடவில்லை. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே போயிற்று என்று பலர் கேட்டார்கள். சில நாட்களில் ஊரின் பெயரும் சேர்க்கப்பட்டு, யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம் என்றாயிற்று.