கூட வந்து பேசுகிறவர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1970-களின் தொடக்கம் வரை ஒரு விதி நடைமுறையில் இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. சேர்ந்த பிள்ளையாக இருந்தாலும், "இதற்குப் படிப்பு வராது" என்று ஓர் உளவியலாளர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதோடு சரி, வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பிள்ளைக்காகக் கேட்க ஆளில்லை. பெற்றவர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1971 ஜனவரியில் அந்த மாநிலத்தின் பெற்றோர் சங்கம் ஒன்று அரசை எதிர்த்து வழக்குப் போட்டது. சங்கத்துக்காக வாதாடிய தாமஸ் கில்ஹூலின் சகோதரரும் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்தான். எந்தப் பிள்ளையும் ஏதாவது கற்றுக்கொள்ளும், அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கை மேற்கொண்டு நடத்துவதில் பயனில்லை என்று கண்ட அரசு சமரசத்துக்கு இறங்கி வந்தது. பள்ளிக்கு வரும் உரிமை கிடைத்தது. அதைவிட நீண்ட விளைவு தந்தது சமரசத்தின் இன்னொரு பகுதி: இனி ஒரு பிள்ளையை வகுப்பு மாற்றவோ வெளியேற்றவோ வேண்டுமானால் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர்கள் மறுத்தால் விசாரணை நடத்த வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனிலும் இதே போன்ற தீர்ப்பு வந்தது. பணமில்லை என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை. நிதி போதவில்லை என்றால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும், ஊனமுற்ற பிள்ளையின் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்றது நீதிமன்றம்.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இந்த இரண்டு வழக்குகளின் வயிற்றில் பிறந்தது. நாட்டில் ஊனமுற்ற பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல், அவர்களில் 10 லட்சம் பேருக்குப் பொதுப்பள்ளியில் இடமே இல்லை என்று நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும், எழுதும்போது பெற்றோரும் உடனிருக்க வேண்டும் என்று விதித்தது. ஒத்துவராவிட்டால் விசாரணை கேட்கலாம். அந்த விசாரணைக்கு வழக்கறிஞரை அழைத்து வரலாம். இத்தகைய பிள்ளைகளின் சிக்கலை அறிந்த வேறொருவரையும் அழைத்து வரலாம். கல்வி ஆலோசகர் என்ற தொழில் வேர்விட்டது இந்தக் கடைசி அனுமதியில்தான்.

முதலில் வந்தவர்கள் தாய்மார்களே. தன் பிள்ளைக்காகப் பள்ளியோடு மல்லுக்கட்டிச் சட்டம் படித்தவர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் கிளம்பினார்கள். மின்னசோட்டாவில் 1977-இல் பெற்றோர் நடத்தும் பேசர் மையம் தொடங்கியது. 1983-இல் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய பெற்றோர் பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசே நிதி தர வழிசெய்தார்கள்.

அப்படி என்னதான் செய்கிறார் இந்த ஆலோசகர்? திட்டக் கூட்டம் நடக்கும் அறைக்குள் போனால் தெரியும். மேசையின் ஒரு பக்கம் வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், உளவியலாளர், பள்ளி மாவட்ட அதிகாரி. இந்தப் பக்கம் அம்மா ஒருத்தி. "வாசிப்பில் முன்னேற்றம் காண்பாள்" என்று தாளில் எழுதியிருக்கும். அம்மா தலையாட்டிவிடுவாள். ஆலோசகர் விடமாட்டார். இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறாள்? வருடக் கடைசியில் எத்தனை வாசிக்க வேண்டும்? அளக்கப்போவது யார்? வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி என்றால் தனியாகவா, ஐந்து பேரோடு சேர்த்தா? முடியாது என்று பள்ளி சொன்னால், காரணத்தோடு எழுதிக் கொடுங்கள் என்பார். சட்டமும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்றால் வெளி நிபுணரைக் கொண்டு பள்ளிச் செலவில் மறுமதிப்பீடு கேட்கலாம் என்பதை அம்மாவின் காதில் போடுவார்.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று தள்ளிவிட முடியாது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதி வந்ததாகப் பெற்றோர் முறையிட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேருக்கு ஒரு துளி முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்று 2017-இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் கூட வந்து பேசுகிறவருக்குச் சட்டம் தந்த இடம் குறுகலானது. நியூஜெர்சியில் பெற்றோர் தகவல் மையம் நடத்திய மரிலின் ஆரன்ஸின் அனுபவமே அதற்குச் சாட்சி. அந்த மாநிலத்தில் வழக்கறிஞர் அல்லாதவரும் பெற்றோருக்காக விசாரணையில் வாதாடலாம், ஆனால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆரன்ஸ் அந்தத் தடையை எதிர்த்தார். 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. டெலவேர் மாநிலத்திலோ வாதாடவே கூடாது என்று 2000-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாவது அடி 2006-இல் விழுந்தது. நியூயார்க்கில் ஒரு தம்பதி பள்ளி மாவட்டத்தை எதிர்த்து வென்று, தங்களுக்கு உதவிய ஆரன்ஸுக்கான 29,350 டாலர் கட்டணத்தை மாவட்டமே தர வேண்டும் என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் 8,650 டாலர் தரச் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. வென்ற பெற்றோர் வழக்கறிஞர் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம், நிபுணர் கட்டணத்தைப் பெற முடியாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள்; மூன்று பேர் மறுத்தார்கள். நிபுணர் செலவும் இதில் அடக்கம் என்று காங்கிரஸ் குழுவே 1986-இல் தன் அறிக்கையில் எழுதிவைத்திருந்தது. அதுவும் எடுபடவில்லை.

இது அநீதி. பள்ளி மாவட்டத்தின் உளவியலாளருக்குச் சம்பளம் வரிப்பணத்திலிருந்து போகிறது. அவருக்குப் பதில் சொல்லக்கூடிய ஆளைத் தாய் தன் கைக்காசில் அமர்த்த வேண்டும். காசில்லாதவளுக்கு மிஞ்சுவது மையங்களின் இலவச உதவி. அதுவும் எல்லோருக்கும் எட்டும் அளவில் இல்லை.

2006 தீர்ப்பை மாற்றி, வென்ற பெற்றோருக்கு நிபுணர் செலவு கிடைக்கச் செய்யும் மசோதா காங்கிரஸில் பலமுறை கொண்டுவரப்பட்டது. ஒருமுறைகூட நிறைவேறவில்லை.