ஒலி இணைப்பி

ஒலி இணைப்பி என்பது தொலைபேசி ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் பொருத்தி, மின்னிணைப்பு ஏதுமின்றி ஒலி வழியாகவே கணினித் தரவை அனுப்பவும் பெறவும் உதவிய ஒரு வகை மோடம் (இணக்கி) ஆகும். 1960களிலும் 1970களிலும் தொலைவிலுள்ள முனையங்களைக் கணினியோடு இணைக்க இது பயன்பட்டது. மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் நேரடியாக இணைப்பதே எளிய வழி. அமெரிக்காவில் அதற்குத் தடையாக இருந்தது தொழில்நுட்பம் அன்று. தொலைபேசி நிறுவனத்தின் விதி.

பின்னணி

தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கிய முன்னோடி நிகழ்வு 1940 செப்டம்பர் 11 அன்று நடந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், ஹானோவர் நகரின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய கணிதவியலாளர்கள் முன்னிலையில், ஒரு தொலைத்தட்டச்சுப்பொறி மூலம் நியூயார்க்கில் இருந்த கணிப்பொறிக்குக் கணக்குகளை அனுப்பி விடை பெற்றுக் காட்டினார்.

அதே கல்லூரியில் 1964 மே 1 அன்று ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோரின் நேரப்பகிர்வு அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த இது வழிசெய்தது. கணினி ஓரிடத்திலும் பயனர்கள் பல இடங்களிலும் இருக்க, இருவரையும் இணைக்க எங்கும் பரவியிருந்த தொலைபேசி வலையமைப்பே கைகொடுத்தது.

செயல்படும் முறை

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்தும். எனவே 0, 1 என்னும் இரும எண்களை மோடம் இருவேறு சுருதிகளாக மாற்றுகிறது. 1962இல் வெளிவந்த பெல் 103 மோடத்தில், அழைப்பவர் பக்கம் 0க்கு 1070 ஹெர்ட்ஸ், 1க்கு 1270 ஹெர்ட்ஸ். பதிலளிக்கும் பக்கம் முறையே 2025, 2225 ஹெர்ட்ஸ். சுருதிகள் வேறுபடுவதால் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் தரவு செல்ல முடிந்தது. இதன் வேகம் நொடிக்கு 300 பிட்டுகள். அக்காலத்தில் பரவலாக இருந்த டெலிடைப் 33 முனையம் நொடிக்கு 10 எழுத்துகளை மட்டுமே அச்சிட்டது.

ஒலி இணைப்பியைப் பயன்படுத்துபவர் கணினியின் தொலைபேசி எண்ணைச் சுழற்றுவார்; மறுமுனையில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்டதும் ரிசீவரைக் கிண்ணங்களில் அழுத்தி வைப்பார். அறையில் எழும் பெரும் சத்தம் சில வேளைகளில் எழுத்துகளைப் பிழையாக்கிவிடும்.

செவித்திறனற்றோரின் தொலைபேசி

கணினிக்கு வெளியேயும் இக்கருவிக்கு இடமிருந்தது. செவித்திறனற்ற இயற்பியலாளரான ராபர்ட் வைட்பிரெக்ட், 1964இல் பழைய தொலைத்தட்டச்சுப்பொறிகளைத் தொலைபேசியோடு சேர்க்க ஒலி இணைப்பி ஒன்றை உருவாக்கினார். குரல் கேட்காதவர்கள் தட்டச்சு செய்து தொலைபேசியில் உரையாடும் வழி இதனால் பிறந்தது.

விதியும் தீர்ப்புகளும்

ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தான் வழங்காத எந்தக் கருவியையும் தன் வலையமைப்பில் இணைக்கக் கூடாது என விதித்திருந்தது. தொலைபேசியும் மோடமும் அந்நிறுவனத்திடமே வாடகைக்குப் பெற வேண்டியவை. பேச்சு அருகிலிருப்போருக்குக் கேட்காதபடி தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டும் ஹஷ்-எ-ஃபோன் என்னும் சாதாரண மூடியைக்கூட நிறுவனம் எதிர்த்தது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மூடிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அடுத்து டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டரின் கார்ட்டர்ஃபோன் வழக்கு வந்தது. இருவழி வானொலியையும் தொலைபேசியையும் ஒலி வழியே இணைத்த கருவி அது. மின்னிணைப்பு இல்லாதபோதும் அது விதிமீறலே என நிறுவனம் வாதிட்டது. 1968இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவிகளைத் தடுக்கும் விதி செல்லாது என்றது.

ஆயினும் பிறர் தயாரித்த கருவியை நேரடியாக இணைக்க, தன்னுடைய காப்புக் கருவி ஒன்று இடையில் இருக்க வேண்டும் என்று நிறுவனம் கோரியது. அந்தச் செலவைத் தவிர்க்க உதவியதால், தீர்ப்புக்குப் பின்னரும் 1970கள் முழுவதும் ஒலி இணைப்பி நீடித்தது.

மறைவு

1970களின் பிற்பகுதியில், ஆணையத்திடம் பதிவு பெற்ற கருவிகளை யாரும் நேரடியாக இணைக்கலாம் என்னும் நிலை வந்தது. 1981இல் வெளியான ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம், கணினியின் கட்டளைப்படி தானே எண்ணைச் சுழற்றியது. ரிசீவரைக் கையில் எடுக்கும் தேவையே இல்லாமல் போனது. கிண்ணங்களில் பொருந்தாத புதிய வடிவத் தொலைபேசிகளும் பெருகின. 1983இல் வெளிவந்த வார்கேம்ஸ் திரைப்படத்தில் ஒலி இணைப்பி இடம்பெற்றபோது அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. வீட்டுக் கணினியில் யாருடைய மோடத்தையும் பொருத்தும் உரிமை, பின்னாளில் தொலைபேசி வழியே இணையம் வீடுகளுக்குள் நுழையவும் வழிசெய்தது.