துறை என்னும் ஒரு சொல்

நிலமும் நீரும் சந்திக்கும் இடத்தில் மனிதன் எழுப்பிய கட்டுமானங்களுக்கு ஆங்கிலத்தில் பெயர்கள் பல. கரையை ஒட்டிக் கல்லால் கட்டப்பட்ட மேடை ‘கீ’ எனப்படும். சரக்கேற்றி இறக்கும் மேடை ‘வார்ஃப்’. கீழே நீர் ஓட, தூண்களின்மேல் நின்று கடலுக்குள் நீள்வது ‘பியர்’. ‘ஜெட்டி’ என்பதோ, எறிதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. கரையிலிருந்து நீருக்குள் எறியப்பட்டாற் போல் நீண்டிருப்பது. கப்பல் உள்ளே புகுந்து நிற்கும் நீர்த்தொட்டி ‘டாக்’. ஆயினும் பிரிட்டானியர் ஜெட்டி என்பதை அமெரிக்கர் பல வேளைகளில் டாக் என்றே அழைப்பர். இவையெல்லாம் பெரும்பாலும் கட்டட அமைப்பை நோக்கி எழுந்த பெயர்கள்.

தாய்லாந்து மக்களின் மொழியில் இவற்றுட் பலவற்றுக்கும் ஒரே வேர்ச்சொல் போதுமானதாக இருக்கின்றது. அது ‘தா’ என்பதாகும். ‘நாம்’ என்றால் அம்மொழியில் நீர். ஆகவே ‘தா நாம்’ என்பது நீர்த்துறை. ‘ருவா’ என்றால் படகு, கப்பல். ‘தா ருவா’ என்பது கப்பல் துறை. பாங்காக்கில், அரண்மனை யானைகள் நீராட இறங்கிய இடம் இன்றும் ‘தா சாங்’, அதாவது யானைத்துறை. விமான நிலையத்தைக்கூட அவர்கள் ‘தா ஆகாஸயான்’ என்கின்றனர். ஆகாய யானத்தின் துறை என்பது அதன் பொருள். காத்திருத்தலைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் ‘தா’ என்றே ஒலிக்கின்றது. கப்பல் பழுதுபார்க்கும் இடத்துக்கு மட்டும் ‘ஊ’ என்றும், மீன் இறக்கும் மேடைக்கு ‘மீன் பாலம்’ எனப் பொருள்படும் ‘ஸபான் ப்லா’ என்றும் வேறு பெயர்கள் உண்டு.

இதைப் படிக்கும் தமிழருக்குத் தம் மொழி நினைவுக்கு வராமற் போகாது. நாமும் நீர்த்துறை, படகுத்துறை, துறைமுகம் என ஒரு சொல்லாலேயே இவற்றைக் கூறி வந்துள்ளோம். தோப்புத்துறை போன்ற ஊர்ப்பெயர்களும் அதற்குச் சான்று. அரசின் நிருவாகப் பிரிவுக்கும் நாம் ‘துறை’ என்ற சொல்லையே வழங்குகிறோம். நம்மிடம் சொல்லளவில் நிகழ்ந்த இவ்விணைப்பு, சயாமிய வரலாற்றில் செயலளவிலேயே நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது.

அயுத்தியா அரசில் ‘குரோம் தா’ என்றோர் அலுவலகம் இருந்தது. ‘குரோம்’ என்பது நிருவாகப் பிரிவு. கருவூலத்தின் கீழ் இயங்கிய அது, கடல்வழி வந்த வணிகரை வரவேற்று, அவர்களது சரக்குகளையும் வழக்குகளையும் கவனித்தது. அதன் இடப் பிரிவு சீன வணிகருக்கு உரியதாயிருந்தது. வலப் பிரிவு இந்திய, பாரசீக, அரபு, மலாய் வணிகருக்கு உரியதாயிருந்தது. இந்த வலப் பிரிவை நிருவகித்தவர்கள் முஸ்லிம்களே! பாரசீகத்தின் கும் நகரிலிருந்து வந்த ஷெய்கு அஹ்மது, மன்னர் ஸோங்தாம் காலத்தில் (1611–1628) அப்பொறுப்பையும், நாட்டு முஸ்லிம்களின் தலைவர் என்ற பொருளில் ‘சூளராஜமொந்திரி’ எனும் பட்டத்தையும் பெற்றார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அரச சேவையில் உயர்ந்து விளங்கினர். பிற்காலத்தில் பௌத்தத்தைத் தழுவி, அமைச்சர்களாகப் புகழ்பெற்ற புன்னாக் குடும்பத்தாரும் அவர் வழியினரே.

அந்நிய நாட்டாரோடு பேசும் பொறுப்பு இவ்வாறு துறையிலிருந்தே தொடங்கிற்று. 1875ஆம் ஆண்டு மன்னர் சூலாலங்கோன் காலத்தில் தனி வெளியுறவு அமைச்சு தோன்றியபோது, அதற்கு முன்னோடியாய் நின்றது இந்தக் குரோம் தாவே.

துறைமுகப் பணி பிற்காலத்தில் வேறு அலுவலகங்களுக்குச் சென்றுவிட்டது. ஆயினும் பட்டம் மறையவில்லை. 1945ஆம் ஆண்டு முதல் ஸுன்னத் ஜமாஅத்தைச் சார்ந்தோர் அதனை ஏற்று வருகின்றனர். தாய்லாந்து முஸ்லிம்களின் தலைவர் இன்றும் சூளராஜமொந்திரி என்றே அழைக்கப்படுகிறார். துறையில் இறங்கிய அந்நியரை வரவேற்கும் பணியோடு இப்பதவி இணைந்திருந்ததை அறிந்தோர் இன்று சிலரே. ‘ஜெட்டி’ என்று சொல்லிப் பழகிவிட்ட நம் கடற்கரை ஊர் இளைஞர்களுக்கு, ‘துறை’ என்ற சொல்லோடு இவ்வரலாற்றையும் எடுத்துச் சொல்வது நம் கடமையாகும்.